ரங்கூன்காரர்களுக்கு ஒரு பகல் நாடகம்

போன மாதம் சபாவின் பிள்ளைகள் நாலைந்து பேர் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மலர் ஒன்று போடுகிறார்களாம். "இத்தனை வருஷம் ஹால்ல வேலை பார்த்திருக்கீங்க, பெரிய நடிகர்களைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. நடிகர்களை நான் முக்கால்வாசி பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். நான் நேருக்கு நேர் பார்த்ததெல்லாம் நாடகம் பார்க்க வந்தவர்களை, அதுவும் படுதாவில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக. ஆகவே அவர்களைப் பற்றியே எழுதுகிறேன். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்து, தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் சேர்ந்தேன். அந்த வாடை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுங்காவில் இந்தச் சபாவின் நாடக ஹாலில் பெஞ்சு தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், வந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் படுதா இறக்கவும், முறத்தில் பட்டாணியை உருட்டி மழை பெய்ய வைக்கவும், கொட்டாங்கச்சியைத் தட்டிக் குதிரை ஓட வைக்கவும் பழகினேன். இடி மட்டும் முழுக்க என் பொறுப்பு. ஆள் உயரத் தகரத் தகடு ஒன்று பக்கப் படுதாவுக்குப் பின்னால் தொங்கும். துணி சுற்றிய சுத்தியலால் அதை அடித்து, கீழ் விளிம்பைப் பிடித்து உலுக்க வேண்டும். அதே நேரம் தட்டில் மருந்துப் பொடியைக் கொளுத்தினால் மின்னல். என் இடிக்கு மாட்டுங்காவில் நல்ல பெயர். முன்வரிசைக் குழந்தைகள் அழுதால்தான் எனக்குத் திருப்தி.

ஹாலின் செக்ரட்டரி கல்யாணராமய்யர். பாலக்காட்டுக்காரர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டதும் நேரே ஹாலுக்கு வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. காலி ஹாலில், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் முதலில் உட்காருவார். அங்கிருந்து மேடையைப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு வரிசையாக முன்னே வருவார். முதல் வரிசை நாற்காலிகளில் மட்டும் உட்கார மாட்டார். "இங்க உக்கார்றவா அவா கஷ்டத்தை அவாளே வந்து சொல்லிடுவா. தூணுக்குப் பின்னாடி இருக்கறவன் சொல்ல மாட்டான்" என்பார். ஒருமுறை தூணுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார். "இசக்கி, இங்கேர்ந்து ராணி மூஞ்சி தெரியலை. தூணைத் தள்ள முடியாது, ராணியைத் தள்ளு." சிம்மாசனத்தை இரண்டு முழம் தள்ளிப் போட்டேன்.

1942-இல் பர்மாவில் யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழ, நம் ஜனங்கள் கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் காடு மலை ஏறி நடந்தும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பம்பாயில் சொந்தக்காரர்களைத் தேடி வந்த சில குடும்பங்களை, தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் தங்க வைத்திருந்தார்கள். செக்ரட்டரி சார் பழைய துணி கொடுக்கப் போனவர், திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஒருத்தர் என்ன கேட்டார் தெரியுமோ? சுப்பையான்னு பேர், ரங்கூன்ல ட்ராம் ஓட்டிண்டிருந்தாராம். துணியை வாங்கி மடியில வச்சுண்டு, 'இங்க நாடகம் ஏதும் நடக்குதுங்களா?'ங்கறார். அங்க வர கம்பெனி நாடகம் ஒண்ணு விடாம பாப்பாளாம்!"

அடுத்த நாடகத்துக்கு எல்லோரையும் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அகதிகளுக்கு வேறு நிறத்தில் சீட்டு அடிக்கலாம் என்றார் ஒரு கமிட்டி மெம்பர். "என்னத்துக்கு? எல்லாருக்கும் உள்ள சீட்டுதான், நம்பரோட" என்று சொல்லி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் சீட்டுக் கட்டிலிருந்தே செக்ரட்டரி கிழித்துக் கொடுத்தார்.

நாடகத்தின் பெயர் வேண்டாம். எழுதியவரின் பேரப்பிள்ளைகள் இன்னும் கிங் சர்க்கிள் பக்கம் இருக்கிறார்கள். நாட்டை இழந்த ஒரு ராணி கைக்குழந்தையோடு காட்டுக்குள் ஓடுகிற கதை. ராணி வேஷம் நடேசன். பாங்கில் வேலை. மீசை வளர்க்காமல், நாடகத்துக்காகவே முகத்தைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர். களைத்துப்போன ராணி குழந்தையை ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டுப் பாடுவாள். நடேசன் அதைக் கால்மணி நேரம் பாடுவார். 'ஒன்ஸ் மோர்' வராத நாளே கிடையாது. பாட்டு முடிந்ததும் புயல். அது என் வேலை.

அன்றைக்குச் சாயங்காலக் காட்சி. யுத்த காலமானதால் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, கதவெல்லாம் தாழ். ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. ரங்கூன்காரர்கள் வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். "பொம்மனாட்டிகள் அந்தப் பக்கம்" என்று வாலண்டியர்கள் பிரித்து அனுப்பியபோது, ஒருவர் கையை ஒருவர் விட அவர்களுக்கு மனசே வரவில்லை. நான் அதை ஓட்டை வழியாகப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

நடேசன் பாடினார், 'ஒன்ஸ் மோர்' வந்தது, மறுபடி பாடினார். விளக்கை அணைத்தார்கள். மருந்துப் பொடி பளீரென்று எரிய, நான் என் பலத்தையெல்லாம் சேர்த்துத் தகட்டை அடித்தேன்.

கூச்சல் கேட்டது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை அடிக்கக் கையை ஓங்கிய பிறகுதான், அது வேறு மாதிரிக் கூச்சல் என்று தெரிந்தது. பெஞ்சுகள் சரிந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து ஆண்கள் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பக்கமிருந்து பெண்கள் பதில் கொடுக்கிறார்கள். யாரோ தாழ்போட்ட கதவில் மோதுகிற சத்தம். செக்ரட்டரி சார் இருட்டில் தடவிப் போய்க் கதவுகளைத் திறந்தார், விளக்கைப் போடச் சொன்னார். தெருவில் வெளிச்சம் விழுந்ததும், இருட்டடிப்பைக் கண்காணிக்கிற வார்டன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். "ஃபைன் போடுங்கோ, கட்டறேன். விளக்கை அணைக்க மாட்டேன்" என்றார் செக்ரட்டரி.

நான் சுத்தியலும் கையுமாக மேடைக்கு முன்னால் வந்துவிட்டேன். இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் நடுவில், தரையில் ஒரு பெண் தன் மகளைக் கீழே போட்டு மேலே கவிழ்ந்து படுத்திருந்தார். எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. பக்கத்தில் போய், "அக்கா, ஒண்ணுமில்லக்கா, நாடகந்தான்" என்றேன். தலையைத் தூக்கி என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"நீதானா தம்பி அது?" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் பெயர் வள்ளியம்மை. ராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம். புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

மறுநாள் செக்ரட்டரி சார் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். என்னை அந்த இரண்டாவது வரிசையில் உட்காரச் சொன்னார். கதவைத் தாழ்போட்டு, கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, அவரே உள்ளே போய்த் தகட்டை அடித்தார். இரண்டு வருஷம் அந்தச் சத்தத்தோடு இருந்தவன் நான். ஆனால் கை என்னுடையதாக இல்லாதபோது, அது எப்போது வரும் என்று தெரியாதபோது, நானும் தலையைக் குனிந்து காதைப் பொத்திக்கொண்டேன். விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"இத்தனை நாளா எல்லா இடத்திலயும் உக்காந்து பாத்தேனே, எல்லாம் காலி ஹால்ல, வெளிச்சத்துல. தப்பு பண்ணிட்டேன் இசக்கி" என்றார்.

அன்றைக்கே இருவரும் கொட்டகைக்குப் போனோம். அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "மறுபடியும் வருவேளா? வரணும்னா நாங்க என்ன பண்ணணும்? ஒவ்வொண்ணா சொல்லுங்கோ, எழுதிக்கறேன்" என்றார்.

முதலில் சுப்பையா, "கதவைப் பூட்டாதீங்க" என்றார். பகலில் நடத்தினால் நல்லது என்றார் இன்னொருவர். "பிரிச்சு உக்கார வைக்காதீக. வழியில கைய விட்டவுக பலபேரு திரும்பக் கிடைக்கல" என்றது ஒரு கிழவியின் குரல். "சத்தம் எங்கேருந்து வருதுன்னு காட்டிட்டுப் போடுங்க" என்றார் சுப்பையா மறுபடியும். எல்லாவற்றையும் செக்ரட்டரி எழுதிக்கொண்டார்.

வள்ளியம்மை சுவரோரமாக உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி அவரிடம், "அம்மா, அந்தக் குழந்தையை விட்டுட்டுப் போற சீன் வேண்டாம்னா எடுத்துடறோம்" என்றார்.

"எடுக்க வேணாங்கய்யா" என்றார் வள்ளியம்மை. "ஆனா அது பொய்யி."

"எது பொய்?"

"பிள்ளையக் கீழ வச்சிட்டு யாரு பாடுவா?" சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினார். "எம்மகன் மலைமேல காச்சல்ல போயிட்டான். எட்டு மாசப் பிள்ள. தூக்கிக்கிட்டே நடந்தேன். மறுநா எல்லாரும் கீழ வையின்னாக. ஒரு மரத்தடியில வச்சேன். மூஞ்சியில வெயில் படக்கூடாதேன்னு ஒரு இலையப் பறிச்சு மூடுனேன். நாலு எட்டு நடந்து திரும்பிப் பாத்தா, காத்துல இலை விலகிருச்சு. திரும்பப் போயி வச்சேன். முன்னால போனவுக வா வான்னு சத்தம் போடுறாக. அம்புட்டுத்தான். அழக்கூட இல்ல. மூச்சு இல்லீங்கய்யா, அழுகுறதுக்கு."

செக்ரட்டரி சார் இதை எழுதவில்லை. பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

கமிட்டியில் மற்றவற்றுக்கெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். கயிறு விஷயத்தில்தான் தகராறு. "ஆணும் பெண்ணும் கலந்து உக்காந்தா மாட்டுங்காவுல நாலு பேர் என்ன சொல்லுவா?" என்று ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். செக்ரட்டரி சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. நான் அங்கே டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தேன். "கையைப் பிடிச்சுண்டு காட்டைத் தாண்டி வந்திருக்கா. அந்தக் கையை விடுங்கோன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவரா வேற செக்ரட்டரியைப் பாத்துக்கோங்கோ." கடைசியில் நடுப்பகுதியை மட்டும் குடும்பத்தோடு உட்காருபவர்களுக்கு விடுவது, விருப்பமில்லாதவர்கள் பழையபடி இரண்டு ஓரங்களில் உட்காருவது என்று சமாதானம் ஆயிற்று.

நடேசனைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "பாட்டை எடுத்துட்டா அந்த சீன்ல என்ன இருக்கு? ஜனங்கள் அதுக்காகத்தான் வர்றா" என்று ஒப்பனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். செக்ரட்டரி அவரைத் தடுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை அந்தம்மாவைப் போய்ப் பாரும் ஓய். அப்பறம் உம்ம இஷ்டம்" என்றார். நடேசன் போனாரா, போனால் என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வந்தார். ஹார்மோனியக்காரரிடம், "அண்ணா, அந்த இடத்துல நீங்க வாசிக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. மாட்டுங்கா ஹாலில் பகல் நாடகம் நடந்தது அதுதான் முதல் தடவை. பக்கக் கதவுகள் மூன்றும் திறந்திருந்தன. வெயில் உள்ளே வந்து பெஞ்சுக் கால்களில் விழுந்தது. மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாசனையும் பக்கத்துக் காப்பி கிளப்பிலிருந்து கொட்டை வறுக்கிற வாசனையும் சேர்ந்து வந்தன. நடுப்பகுதியில் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? செக்ரட்டரியும் அவர் சம்சாரம் மங்களம் மாமியும். மாமி வெட்கத்தில் தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அதைப் பார்த்து இன்னும் சில மாட்டுங்காக் குடும்பங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தன.

திரை தூக்குவதற்கு முன்னால் செக்ரட்டரி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். பக்கப் படுதாவை ஒதுக்கச் சொன்னார். தகடும் நானும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றோம். "இவர்தான் இசக்கிமுத்து. இடி இவர் கையில இருக்கு. மூணு தரம் இடிக்கும். இடிக்கறதுக்கு முன்னாடி இவர் கையைத் தூக்குவார், பாத்துக்கோங்கோ. விளக்கை அணைக்க மாட்டோம். மின்னல் கிடையாது. வெளியில போகணும்னா போயிட்டு வரலாம், யாரும் கேக்க மாட்டா." நான் கையைத் தூக்கி மெதுவாக ஒருமுறை அடித்துக் காட்டினேன்.

சுப்பையா எழுந்தார். "நான் ஒரு தடவ அடிச்சுப் பாக்கலாங்களா?" என்றார். செக்ரட்டரி தலையசைத்தார். மேடையேறிச் சுத்தியலை வாங்கி ஒன்று அடித்தார். இன்னொன்று அடித்தார். பிறகு நிறுத்தாமல் அடிக்க ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தகடு நெளிகிற அளவுக்கு. தடுக்கப் போன என்னைச் செக்ரட்டரி கண்ணால் நிறுத்தினார். ஓய்ந்த பிறகு சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டு, ஜனங்களைப் பார்த்துச் சொன்னார், "வெறும் தகரந்தான்யா." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். ஹாலே சிரித்தது.

நாடகம் நடந்தது. மரத்தடிக் காட்சி வந்தது. நடேசன் துணிப் பொம்மையைக் கீழே கிடத்தினார். பாட்டுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஹார்மோனியக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நடேசன் ஒரு இலையை எடுத்துப் பொம்மையின் முகத்தை மூடினார். எழுந்து நாலு எட்டு நடந்தார். நின்று திரும்பிப் பார்த்தார். திரும்ப வந்து இலையைச் சரியாக வைத்தார். ஓரத்திலிருந்து யாரோ "பாட்டு!" என்று குரல் கொடுத்தார்கள். மங்களம் மாமி அப்போதுதான் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரல் கொடுத்தவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

வள்ளியம்மை எழுந்தார். புருஷன் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு, மகளை அவரிடம் விட்டுவிட்டு, பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். அடுத்தது இடி. கையைத் தூக்காமல் செக்ரட்டரியைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் பொறு என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினார். நடேசனும் புரிந்துகொண்டு மேடையிலேயே நடந்துகொண்டிருந்தார், காட்டுக்குள் வழி தெரியாதவர் மாதிரி. கதவுக்கு வெளியே வள்ளியம்மையின் நிழல் மட்டும் எனக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்தார், தன் இடத்தில் உட்கார்ந்தார், மகளை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் மகளின் காதைப் பொத்தினார். அந்தப் பெண்ணோ தாயின் கையை விலக்கிவிட்டு, நான் அடிக்கும்போது என் கன்னம் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தது.

அதன் பிறகு மாதம் ஒரு பகல் நாடகம் என்று வழக்கமாயிற்று. தாராவியிலிருந்து எங்கள் ஆட்களும் குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள். சிலர் ரங்கூன்காரர்களுக்காக என்று வந்தார்கள், சிலர் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரலாமே என்று தங்களுக்காக வந்தார்கள். வள்ளியம்மையின் புருஷனுக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. வள்ளியம்மையைச் செக்ரட்டரி ஹால் வாசலிலேயே வேலைக்கு வைத்தார். வருகிறவர்களை உட்கார வைப்பது அவர் பொறுப்பு. யாருக்குக் கதவோரம் வேண்டும், யாரைத் தூணோரம் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

நாடு பிரிந்த பிறகு செம்பூர்ப் பக்கம் சிந்தி ஜனங்கள் வந்து முகாம்களில் தங்கியபோது, அவர்களையும் கூப்பிடலாம் என்றார் செக்ரட்டரி. "தமிழ் நாடகம் அவாளுக்கு என்ன புரியும்?" என்று அதே கமிட்டிப் பெரியவர் கேட்டார். வள்ளியம்மை வாசலிலிருந்தே, "எனக்கு இந்துஸ்தானி வருங்கய்யா, ரங்கூன்ல பாதி ஊரு அதுதானே பேசும். ஒவ்வொரு சீனுக்கும் முன்னால கதைய நான் சொல்லிப்புடுறேன்" என்றார். சொல்லவும் செய்தார். ராணி, ராஜா என்ற மரியாதையெல்லாம் அவர் இந்துஸ்தானியில் கிடையாது. ராஜாவை 'ஏ தேக்கோ, பாகல் ஆத்மி', அதாவது இந்தா பாரு பைத்தியக்காரன், என்று அவர் அறிமுகப்படுத்த, சிந்திக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்த நாட்களில் ஹால் நிறைந்திருந்த மாதிரி பிறகு எப்போதும் நிறைந்ததாக எனக்கு நினைவில்லை.

கல்யாணராமய்யர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நடேசனும் இல்லை. வள்ளியம்மை அக்கா கடைசிவரை விக்ரோலியில் மகளோடு இருந்தார். தீபாவளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நாடகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். ஒரு விஷயம் மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த முதல் பகல் காட்சி முடிந்ததும் வள்ளியம்மை ஒப்பனை அறை வாசலுக்கு வந்தார். நடேசன் பாதி முகத்துக்கு எண்ணெய் தடவித் துடைத்திருந்தார். மீதி முகம் இன்னும் ராணி. துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு நடேசன், "குழந்தைக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டார்.

"முருகேசன்" என்றார் வள்ளியம்மை. "இங்க வந்து யாருமே கேக்கல."

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்த நாடகம் நடந்தது. ராணியின் குழந்தைக்கு நாடகத்தில் வேறு பெயர், பெரிய சமஸ்கிருதப் பெயர். ஆனால் ஒவ்வொரு முறையும் பொம்மையைக் கிடத்திவிட்டு, இரண்டாவது தடவை இலையை வைக்கும்போது, நடேசனின் உதடு அசையும். தகட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கு மட்டும் அது கேட்கும். "முருகேசா, இந்தா வந்துட்டேன்" என்பார். முதல் வரிசைக்குக்கூட அது எட்டாது. வாசலில் நின்ற வள்ளியம்மைக்கு எட்டியிருக்க வழியே இல்லை.